சில்லறை விஷயம் – 9: அச்சு பிசகிய காசு

2025 நவம்பர் 12ஆம் தேதி ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில் புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் காசை அடித்து முடித்தார்கள். 1793ல் ஆரம்பித்த கணக்கு. ஒரு சென்ட் காசு அடிக்க 3.69 சென்ட் செலவாகுது என்றால் எந்த மளிகைக்கடை அண்ணாச்சியும் அந்தச் சரக்கை எப்பவோ நிறுத்தியிருப்பார். அமெரிக்கா கொஞ்சம் லேட்டா நிறுத்திச்சு, அவ்வளவுதான்.

அன்னிலேர்ந்து தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாரும் என்கிட்ட கேக்கறது ஒரே கேள்வி. "வீட்ல ஒரு ஜாடி நிறைய சென்ட் கிடக்கு, வெல ஏறுமா?"

ஏறாது மக்களே. அடிக்கறதைத்தான் நிறுத்தினாங்க, காசு செல்லாதுன்னு யாரும் சொல்லல. பல ஆயிரம் கோடி சென்ட் இன்னமும் ஜாடியிலயும் மேஜை டிராயர்லயும் சோஃபா இடுக்குலயும் தூங்கிட்டிருக்கு. நின்னு போன பொருள் எல்லாம் அபூர்வப் பொருள் ஆயிடாது. அப்படின்னா எங்க வீட்டுப் பரண்ல கிடக்கிற ஆடியோ கேசட்டுக்கு நான் இந்நேரம் கோடீஸ்வரன் :)

ஆனா அந்த ஜாடியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அதுக்குள்ள ஒரு காசு 'சரியா வராம' போயிருக்கலாம். இந்த வாரம் அந்தக் கதைதான். நாணயச் சாலையில் தப்பா அடிபட்டு, பரிசோதனை பண்றவர் கண்ணுக்குத் தப்பி, மூட்டையில ஏறி, வங்கி வழியா நம்ம பாக்கெட்டுக்கு வந்து சேர்ற பிழைக்காசு. நல்லா இருக்கிற காசை விட்டுட்டு கோணலா இருக்கிறதைத் தேடி அலையற கூட்டம் ஒண்ணு உலகம் பூரா இருக்கு. அடியேனும் அதில் ஒருத்தன்.

* * *

பிழை எங்கே வருதுன்னு தெரியணும்னா காசு எப்படிப் பிறக்குதுன்னு முதல்ல தெரியணும். ரொம்ப சிம்பிள். வீட்ல பிஸ்கட் பண்றதைப் பார்த்திருப்பீங்கதானே?

மாவைத் தேய்க்கிற மாதிரி உலோகத்தை நீளமான பட்டையா உருட்டித் தேய்ப்பாங்க. அந்தப் பட்டையிலேர்ந்து வட்டம் வட்டமா வெட்டி எடுப்பாங்க. இதான் வெறும் வில்லை. அந்த வில்லையை ஒரு எந்திரத்துல உருட்டி அழுத்தி விளிம்பைக் கொஞ்சம் தூக்கி விடுவாங்க. அப்புறம் மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு, சுத்தி வர ஒரு வளையம். நடுவுல வில்லை வந்து உட்காரும். டன் கணக்கில் அழுத்தம், ஒரே அடி. காசு ரெடி. நவீன எந்திரம் ஒரு நிமிஷத்துக்கு எழுநூறு காசுக்கு மேல அடிச்சுத் தள்ளும்.

இப்போ பிசகுக்கு வருவோம். மேலே சொன்ன ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு பிசகு காத்திட்டிருக்கு.

பட்டை போதுமான அளவு நகரலைன்னு வைங்க. வெட்டற கத்தி, ஏற்கனவே வெட்டின ஓட்டை மேல பாதி ஏறி விழும். அப்போ வர்ற வில்லை, எலி கடிச்ச அப்பளம் மாதிரி ஒரு பக்கம் பிறை வடிவத்துல குறைஞ்சிருக்கும். 'கடிபட்ட காசு'ன்னு நான் பேர் வச்சிருக்கேன்.

வில்லை வளையத்துக்குள்ள சரியா உட்காராம நகர்ந்து போச்சுன்னா, படம் ஒரு பக்கமா ஒதுங்கி, மிச்ச இடம் வெறுமையா நிக்கும். லிங்கன் தாத்தாவுக்கு நெத்தி மட்டும் இருக்கும், தாடி இருக்காது.

அடிச்ச காசு கீழே விழாம அச்சிலேயே ஒட்டிக்கிச்சுன்னா அடுத்து வர்ற வில்லைக்கு அந்தக் காசே அச்சா மாறிடும். அப்போ ஒரு பக்கம் ஒழுங்கான படம், மறுபக்கம் அதே படம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திரும்பி, பள்ளமா பதியும். இது கையில கிடைச்சா கொஞ்ச நேரம் தலை சுத்தும்.

அச்சுல எண்ணெய்ப் பிசுக்கு அடைச்சுக்கிட்டா அந்த எழுத்து மட்டும் விழாது. 2005ல வந்த கான்சஸ் மாநிலக் கால் டாலர் இதுக்குப் பேர் போனது. 'இன் காட் வி ட்ரஸ்ட்' என்ற வாசகத்துல முதல் 'ட்' அடைச்சுப் போயி, 'இன் காட் வி ரஸ்ட்' ஆயிடுச்சு. கடவுளை நம்புறோம்னு சொல்ல வந்தவங்க துருப்பிடிக்கிறோம்னு சொல்லிட்டாங்க. நான் உலோகவியல் படிக்கிறவன், துருவைப் பத்தி ஒரு செமஸ்டர் முழுக்கப் படிச்சிருக்கேன், அதனால எனக்கு இந்தக் காசு மேல தனிப் பிரியம்.

1937ல டென்வர்ல ஒருத்தர், தேய்மானம் விழுந்த ஐந்து சென்ட் அச்சைச் சுத்தமாக்கறேன்னு கொஞ்சம் அதிகமாவே தேய்ச்சுட்டார். அந்த அச்சுல இருந்த காட்டெருமைக்கு முன்னங்கால் ஒண்ணு காணாமப் போச்சு. மூணு கால் எருமைன்னு அதுக்கு இன்னிக்கும் தனி மவுசு.

* * *

பிழைக்காசு ராஜ்ஜியத்துல நாலு பேரை மட்டும் அறிமுகப்படுத்தறேன். இவங்களைத் தெரிஞ்சா மத்தவங்களைப் புரிஞ்சுக்கலாம்.

முதல் ஆள், 1955ஆம் வருஷத்து இரட்டை அச்சு சென்ட். அச்சு எப்படிச் செய்வாங்கன்னா, படம் புடைப்பா இருக்கிற ஒரு தாய் அச்சை உருக்குத் துண்டு மேல வச்சு அழுத்துவாங்க. ஒரே அழுத்துல படம் முழுசா பதியாது. அழுத்த அழுத்த உருக்கு இறுகிப் போகும். அதனால நடுவுல சூடேத்தி இளக்கி, மறுபடி அதே இடத்துல வச்சு அழுத்தணும். அந்த 'அதே இடம்' கொஞ்சம் பிசகிடுச்சு. எழுத்தும் வருஷமும் எல்லாம் ரெண்டு ரெண்டா விழுந்த ஒரு அச்சு தயாராயி, எந்திரத்துல ஏறி, வேலையும் பார்த்துடுச்சு. கண்டுபிடிக்கிறதுக்குள்ள இருபதாயிரம் இருபத்துநாலாயிரம் காசு மத்த நல்ல காசோட கலந்து போச்சு. அத்தனையையும் உருக்கறதா, விட்டுத் தொலைக்கறதான்னு யோசிச்சவங்க விட்டுட்டாங்க. அந்தக் காலத்துல சிகரெட் விக்கிற எந்திரத்துல கால் டாலர் போட்டா, பாக்கி சென்ட்டை சிகரெட் அட்டைமேல ஒட்டின உறைக்குள்ளயே வச்சுக் குடுப்பாங்க. அப்படித்தான் இதில் நிறைய காசு ஜனங்க கைக்கு வந்துச்சு. இன்னிக்குத் தேய்ஞ்சு போன ஒண்ணே ஆயிரம் டாலருக்கு மேல. 1990களோட கடைசியிலேர்ந்து ஒரே அழுத்துல அச்சு செய்யற முறைக்கு மாறிட்டாங்க. அப்படியும் இரட்டை முழுசா ஒழிஞ்ச பாடில்லை.

ரெண்டாவது ஆள், 2000ஆம் வருஷத்துக் கோவேறு கழுதை. திட்டல, நாணயக்காரங்க பாஷையில அதான் பேர். ஒரு காசோட தலையும் இன்னொரு காசோட பூவும் சேர்ந்து பிறந்தா அது கோவேறு கழுதை. கால் டாலரோட வாஷிங்டன் தலை ஒரு பக்கம், ஒரு டாலர் காசோட கழுகு மறுபக்கம். முன்னாடி 'கால் டாலர்'னு எழுதியிருக்கும், பின்னாடி 'ஒரு டாலர்'னு எழுதியிருக்கும். இதுல வேடிக்கை என்னன்னா, மாநிலக் கால் டாலர்ல வருஷம் பின்பக்கம் இருக்கும், அந்த டாலர் காசுல வருஷம் முன்பக்கம் இருக்கும். ரெண்டுலயும் வருஷம் இல்லாத பக்கமாப் பார்த்துக் கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க. அதனால இந்தக் காசுக்கு வயசே கிடையாது. முதல் காசு ஆர்கன்சஸ்ல மவுண்டன் ஹோம்ங்கற சின்ன ஊர்ல அகப்பட்டுச்சு. இதுவரைக்கும் தெரிஞ்சது கிட்டத்தட்ட இருபதுதான்.

(இங்கிலாந்து பதிவர்களே, உங்களுக்கும் ஒண்ணு இருக்கு. 2008ல 20 பென்ஸ் காசோட வடிவத்தை மாத்தி, வருஷத்தைப் பின்பக்கத்துலேர்ந்து ராணியம்மா பக்கத்துக்குக் கொண்டு வந்தாங்க. புதுப் பின்பக்கத்தோட பழைய ராணியம்மாவைச் சேர்த்து அடிச்சுட்டாங்க. வருஷமே இல்லாத காசு, ஐம்பதாயிரத்துலேர்ந்து ரெண்டு லட்சம் வரைக்கும் வெளியே போயிருக்கலாம்னு கணக்கு. பர்ஸைத் திறந்து பாருங்க.)

மூணாவது ஆள், 2007ல வந்த வாஷிங்டன் டாலர். இதுல வருஷம், சாமி வாசகம் எல்லாத்தையும் விளிம்புல பொறிச்சாங்க. அது காசு அடிச்சப்புறம் வேற எந்திரத்துல நடக்கிற வேலை. சில தொட்டி காசு அந்த எந்திரத்துப் பக்கமே போகாம நேரா மூட்டைக்குப் போயிடுச்சு. விளிம்பு மொட்டையா பல ஆயிரம் டாலர் வெளியே வந்து, பத்திரிகைக்காரங்க அதுக்குக் 'கடவுள் இல்லாத டாலர்'னு பேர் வச்சு, வேணும்னே கடவுளை ஒதுக்கிட்டாங்கன்னு கிளம்பின வதந்திக்கு அளவே இல்லை. கடைசியில சட்டம் போட்டு 2009லேர்ந்து அந்த வாசகத்தைக் காசோட முகத்துக்கே கொண்டு வந்துட்டாங்க. ஒரு தொட்டி வழி மாறினதுக்கு நாடாளுமன்றம் வரைக்கும் பஞ்சாயத்து.

நாலாவது ஆள்தான் எல்லாருக்கும் தலைவர். 1943ஆம் வருஷத்துச் செம்பு சென்ட்.

ரெண்டாம் உலகப்போர் நேரம். தோட்டாவுக்குச் செம்பு வேணும்னு, 1943ல மட்டும் சென்ட்டை இரும்புல அடிச்சு மேலே துத்தநாகம் பூசினாங்க. வெள்ளையா இருக்கும், துருப்பிடிக்கும், பத்து சென்ட்னு நினைச்சு ஏமாறவும் வைக்கும். நூறு கோடிக்கு மேல அடிச்சாங்க. ஆனா முந்தின வருஷத்துச் செம்பு வில்லை ஒரு சிலது தொட்டிகள்ல எங்கேயோ மாட்டிக்கிட்டிருந்து, இரும்பு வில்லையோட சேர்ந்து எந்திரத்துக்குள்ள போயிடுச்சு. அப்படிப் பிறந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

1947ல மாசசூசெட்ஸ் மாநிலத்துல பிட்ஸ்ஃபீல்ட் ஊர்ல, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கடையில குடுத்த சில்லறையில ஒரு பதினாறு வயசுப் பையனுக்கு இது வந்து சேர்ந்துச்சு. அப்போ ஊர் பூரா ஒரு வதந்தி: செம்பு சென்ட் கொண்டு வந்தா ஃபோர்ட் கம்பெனி ஒரு புதுக் காரே குடுக்கும்னு. பையன் விசாரிச்சான். கார் எல்லாம் கிடையாதுன்னு பதில் வந்துச்சு. அரசாங்கத்தோட கருவூலத்துக்கு எழுதினான். 1943ல செம்பு சென்ட் அடிக்கவே இல்லைன்னு பதில் வந்துச்சு. கையில காசு இருக்கு, அடிச்சவங்களே இல்லைன்னு சொல்றாங்க! வேற யாரா இருந்தாலும் மிட்டாய் வாங்கியிருப்பாங்க. அவர் பத்திரமா வச்சுக்கிட்டார், எழுபது வருஷத்துக்கு மேல. அவர் காலமானப்புறம் 2019 ஜனவரியில் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போச்சு. பணம் அந்த ஊர்ப் பொது நூலகத்துக்குப் போச்சு.

* * *

"சரி, நீ என்ன கண்டுபிடிச்சே?"ன்னு கேக்கறது காதுல விழுது. கணக்கைக் காட்டிடறேன்.

வங்கியில 25 டாலர் குடுத்தா ஒரு பெட்டி சென்ட். ஐம்பது உருளை, உருளைக்கு ஐம்பது காசு, மொத்தம் 2,500. ரெண்டு செமஸ்டர்ல ஆறு பெட்டி பார்த்தேன், 15,000 காசு. நிமிஷத்துக்குப் பத்து காசு வீதம் 25 மணி நேரம் (அறைத்தோழனோட முறைப்பு தனி). கிடைச்சது: 1958க்கு முந்தின கோதுமைக் கதிர் சென்ட் 41, கடிபட்ட காசு 2, படம் ஒதுங்கின காசு 1. எல்லாம் சேர்த்து முப்பது டாலர் தேறினா பெரிசு. மணிக்கு ஒண்ணேகால் டாலர் கூலி. வளாக நூலகத்துல புத்தகம் அடுக்கினா இதைப் போல பல மடங்கு தருவாங்க.

ஆகவே மகாஜனங்களே, இது பணம் பண்ற வழி இல்லை. லாட்டரி நினைப்போட வர்றவங்க மூணாவது பெட்டியில ஓடிடுவாங்க. உட்கார்ந்து பார்க்கறதுல ஒரு சுகம் இருக்கு, அது இருக்கிறவங்க மட்டும் தங்குவாங்க.

வீட்ல பார்க்கணும்னா மூணு சாமான் போதும். பத்து மடங்கு பெரிசாக் காட்டற பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், நூத்துல ஒரு கிராம் வரைக்கும் காட்டற சின்னத் தராசு. 1943 சென்ட் சிவப்பா இருந்தா முதல்ல காந்தத்தைக் காட்டுங்க. ஒட்டிக்கிச்சுன்னா இரும்புக்குச் செம்பு முலாம் பூசின போலி. ஒட்டலைன்னா 3.11 கிராம் இருக்கான்னு பாருங்க. அதுவும் சரின்னா பூதக்கண்ணாடியில கடைசி எண்ணைப் பாருங்க, 1948ஓட எட்டைச் செதுக்கி மூணாக்கின கைவேலை நிறைய உண்டு. அதே மாதிரி 1982ல சென்ட்டைச் செம்புலேர்ந்து துத்தநாகத்துக்கு மாத்தினாங்க, எடை 3.11லேர்ந்து 2.5 ஆச்சு. 1983 காசு ஒண்ணு 3.1 காட்டினா உடனே எழுந்து உட்காருங்க.

எல்லாத்தையும் விட முக்கியமான சாமான் ஒண்ணு இருக்கு, அது மண்டைக்குள்ள இருக்கணும். அதாவது, இந்தப் பிசகு எந்திரத்துல எந்தக் கட்டத்துல நடந்திருக்க முடியும்னு சொல்லத் தெரியணும். சொல்ல முடியலைன்னா அது பிழைக்காசு இல்லை, அடிபட்ட காசு. துணி உலர்த்தற எந்திரத்துல மாட்டி விளிம்பு மழுங்கின காசு, ரோட்ல கார் ஏறின காசு, ரெண்டு காசைச் சேர்த்து இடுக்கியில நெருக்கின காசு, அமிலத்துல முக்கின காசு. இதெல்லாம் நாணயச் சாலையை விட்டு வந்தப்புறம் பட்ட பாடு.

ஒரு உதாரணம். கடிபட்ட காசைப் போலியா பண்றது ரொம்ப சுலபம், அரம் இருந்தா போதும்னு நினைப்பீங்க. ஆனா உண்மையான கடிபட்ட காசுல, கடிச்ச இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் விளிம்பு மங்கலா இருக்கும். ஏன்? விளிம்பு தூக்கற எந்திரம் ரெண்டு பக்கமும் சேர்த்து நெருக்கித்தான் தூக்கும். ஒரு பக்கம் உலோகமே இல்லாதப்போ எதிர்ப்பக்கத்துக்கு நெருக்கம் கிடைக்காது. போலி பண்றவர் அரத்தைக் கையில எடுக்கும்போது அந்தக் காசுக்கு விளிம்பு முழுசா தூக்கி முடிஞ்சிருக்கும். அங்கே மாட்டிக்குவார்.

* * *

இதெல்லாம் சும்மா பொழுதுபோக்குன்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன், போன மாசம் விருதுநகர்லேர்ந்து பெரியப்பா போன் பண்ற வரைக்கும்.

"தம்பி, நீ காசு பத்தியெல்லாம் எழுதறியாமே. வைஷ்ணவ தேவி படம் போட்ட அஞ்சு ரூவா என்ன வெல போகும்?"

"அஞ்சு ரூவா போகும் பெரியப்பா."

"வெளையாடாதடா. எட்டு லட்சம்ங்கறான்."

விஷயம் இதுதான். செல்போன்ல ஒரு வீடியோ. அந்தக் காசு வச்சிருந்தா லட்சாதிபதின்னு. கீழே இருந்த எண்ணுக்குப் பெரியப்பா படம் அனுப்பியிருக்கார். உடனே பதில்: வாழ்த்துகள், உங்க காசு தேர்வாயிருக்கு, பதிவுக் கட்டணம் 1,150 ரூபாய். கட்டிட்டார். அப்புறம் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு கடிதம். அப்புறம் எட்டு லட்சத்தை அனுப்பறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டி 18,500 கட்டணுமாம். அதைக் கட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு கூப்பிட்டிருக்கார். பெரியம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவங்க மூட்டு ஆபரேஷன், மேல் தளம் ஒழுகறது, ரெண்டையும் அந்த எட்டு லட்சத்துல மனசுக்குள்ள முடிச்சிட்டார்.

அந்தக் காசு 2012ல ஆலய வாரியத்தோட வெள்ளி விழாவுக்காக புழக்கத்துக்கு விட்டது, அது பிழையும் இல்லை அபூர்வமும் இல்லைன்னு சொன்னேன். ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்கறதும் இல்லை, கமிஷன் கேக்கறதும் இல்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் குடுக்கவும் இல்லைன்னு 2021 ஆகஸ்ட்லயே அவங்களே அறிக்கை விட்டிருக்காங்கன்னு சொன்னேன். எதுவும் ஏறல. "சீல் இருக்குடா, கையெழுத்து இருக்குடா"ன்னே சொல்லிட்டிருந்தார்.

கடைசியா கேட்டேன். "பெரியப்பா, தாத்தா கடையில சாமான் வாங்க வந்தவங்க யாராச்சும், முதல்ல நீங்க எனக்குப் பணம் குடுங்க அப்பதான் வாங்குவேன்னு சொல்லியிருக்காங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், "1,150 போனது போனதுதானா?"ன்னார். 1930க்கு போன் பண்ணி சைபர் குற்றப் பிரிவுல புகார் குடுங்கன்னேன், குடுத்தார். பணம் வருமா வராதாங்கறது வேற. 18,500 தப்பிச்சுது.

ஃபோர்ட் கார் வதந்தி ஞாபகம் வருதா? எழுபத்தஞ்சு வருஷம் கழிச்சும் அதே கதைதான். ஒரே வித்தியாசம், அந்தப் பையன்கிட்ட யாரும் முன்பணம் கேக்கல.

ரெண்டு நாள் கழிச்சு, தகர டப்பாவுல இருந்த மொத்தக் காசையும் படம் எடுத்து அனுப்பினார். "இதுல எதுவுமே தேறாதா, பார்த்துச் சொல்லு." வருஷத்துக்குக் கீழே குறி எதுவும் இல்லாத காசுகளைத் தனியா வச்சிருந்தார், அதுவும் வீடியோவுல சொன்னதுதான். அது கொல்கத்தா காசு. மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறி கிடையாது. குறி இல்லாததுதான் அதோட குறி. (இங்கேயும் அதே கூத்து உண்டு. ஃபிலடெல்ஃபியாவுல அடிச்ச சென்ட்டுக்கு 2017 தவிர வேற எந்த வருஷமும் குறி கிடையாது. குறி இல்லாத சென்ட் லட்சம் டாலர்னு வீடியோ போடறவங்க இங்கேயும் இருக்காங்க.)

ஆனா ஓரத்துல ஒண்ணு கிடந்துச்சு. காண்டாமிருகம் போட்ட 25 பைசா. மிருகம் ஒரு பக்கமா ஒதுங்கி, மூக்கு வெளியே போயி, எதிர்ப்பக்கம் பிறை மாதிரி வெறும் எஃகு. கட்டம் கட்டமா யோசிச்சுப் பார்த்தேன். அரம் போட்ட தடம் இல்லை, நசுங்கல் இல்லை, ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்குப் படம் ஒதுங்கியிருக்கு. வில்லை வளையத்துல உட்காராம அடிபட்டது. அசல் பிழைக்காசு!

"பெரியப்பா, இது எங்கே கிடைச்சுது?"

"அதுவா, அது உங்க தாத்தா கல்லாவுல ஓரமா போட்டு வச்சிருந்தது. எவனோ தலையில கட்டிட்டுப் போயிட்டான். வேற யார் தலையிலயாச்சும் கட்டிவிடுங்கப்பான்னா, கோணக்காசைக் குடுத்து அனுப்பினா நாளைக்கு அந்தப் பிள்ளை வேற கடையில போயி நிக்கும், அங்க வாங்க மாட்டான்னுட்டார்."

25 பைசாவும் அதுக்குக் கீழே உள்ள காசும் 2011 ஜூன் 30லேர்ந்து செல்லாது. சட்டப்படி அந்த டப்பாவுல எதுக்கும் மதிப்பில்லாத ஒரே காசு அதுதான். சேகரிக்கிறவங்க கொஞ்சம் குடுப்பாங்க, லட்சமெல்லாம் இல்லைன்னு உள்ளதைச் சொன்னேன். விக்கிறதா இல்லைன்னுட்டார். பூசை அலமாரியில வச்சிருக்காராம்.

* * *

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. பிழைக்காசுக்கு ஏன் விலை? மிச்ச கோடிக்கணக்கான காசு சரியா இருக்கிறதால. பத்துல ஒண்ணு கோணலா வந்தா அதை யார் சீண்டுவாங்க? ஒரு மூணு கால் எருமைக்கு நாம குடுக்கிற விலை, நாலு காலோட அடிச்சு அனுப்பின அத்தனை பேரோட ஒழுங்கான வேலைக்கும் சேர்த்துத்தான்.

அந்த ஒழுங்கு தவறினா என்ன ஆகும்ங்கறதுக்கு சிலி நாட்டுக் கதை. 2008ஆம் வருஷத்து 50 பேசோ காசுல நாட்டோட பேரையே தப்பா அடிச்சுட்டாங்க. கடைசி எழுத்துக்கு முந்தின 'எல்' ஒரு 'ஐ'யா விழுந்து, 'சிலி'ங்கறது 'சிஐஇ'ன்னு ஆயிடுச்சு. காசு புழக்கத்துக்குப் போயி, 2009 கடைசியிலதான் வெளியே தெரிஞ்சுது. 2010ல நாணயச் சாலைத் தலைவருக்கு வேலை போச்சு. சேகரிக்கிறவங்க அந்தக் காசைத் தேடி ஓடினாங்க. நாம பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டு "ஆஹா"ன்னு துள்ளற ஒவ்வொரு காசுக்குப் பின்னாடியும், எங்கேயோ ஒருத்தருக்கு மெமோவாவது போயிருக்கும். ராத்திரி ஷிப்ட்ல கண் சொக்கினவரா இருக்கலாம். கான்சஸ் காசைக் கையில எடுக்கும்போதெல்லாம், அந்தப் பிசுக்கைத் துடைக்க மறந்தவர் யாரோன்னு ஒரு நிமிஷம் நினைச்சுக்குவேன்.

உங்க வீட்டு உண்டியலை இந்த ஞாயித்துக்கிழமை கவிழ்த்துப் பாருங்க. கோணலா எதுவும் இருந்தா எந்தக் கட்டத்துல பிசகிச்சுன்னு யோசிச்சு எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம். அப்படியே வீட்ல பெரியவங்க யாராச்சும் காசு வீடியோ பார்க்கறாங்களான்னும் கேட்டு வைங்க. கோணக்காசு கிடைக்கலைன்னாலும் ஒரு 18,500 மிச்சமாகலாம்.

அடுத்த வாரம்: காசுல ஓட்டை போட்டவங்க கதை.

டிஸ்கி 1: நான் காசு வாங்கறதும் இல்லை, விக்கறதும் இல்லை, விலை சொல்றதும் இல்லை. எட்டு லட்சம்னு யாராச்சும் என் பேரைச் சொல்லிக் கேட்டா அது நான் இல்லை.

டிஸ்கி 2: எந்தக் காசா இருந்தாலும் புளி போட்டுத் தேய்க்காதீங்க. பித்தளைச் சொம்புக்கு அது அழகு, பழைய காசுக்கு அது கொலை :)